எத்தனை யூனிட் என்று முதலில் பாருங்கள்

மதுரையில் எங்கள் மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. “போடலாமா சார்?” என்று தெருவில் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஆகிறது?

200 யூனிட்டுக்குள் என்றால் வேண்டாம். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். மிச்சத்துக்கும் கட்டணம் குறைவுதான். போட்ட பணத்தை எடுக்கவே வெகுகாலம் ஆகும்.

500 யூனிட்டைத் தாண்டுகிறவர்கள் தயங்க வேண்டாம். யூனிட் கூடக்கூட விலையும் ஏறும். சோலார் முதலில் குறைப்பது அந்த விலை கூடிய யூனிட்டுகளைத்தான். 3 கிலோவாட் நம் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும். செலவு ஏறக்குறைய 2 லட்சம். அதில் 78,000 ரூபாயை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. ஆறேழு ஆண்டில் போட்ட முதல் திரும்பிவிடும்; பேனலோ 25 ஆண்டுவரை உழைக்கும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போடுங்கள்: பேட்டரி இல்லாத அமைப்பு, கரண்ட் போனால் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

என் ஆதங்கம் வேறு. மானியம் பெரும்பாலும் சொந்தக் கூரை உள்ளவருக்கே போய்ச் சேருகிறது. வாடகைக்கும் அடுக்ககத்திலும் குடியிருப்பவர்கள் பொதுவான சோலார் அமைப்பில் பங்கு வாங்கி, அதைத் தங்கள் பில்லில் கழித்துக்கொள்ளும் வழி எளிதாக வேண்டும். வெயில் எல்லோருக்கும் பொது. அதன் பலனும் அப்படியே இருக்கட்டும்.