பம்பு எத்தனை? தண்ணீர் எப்படி?

ஆம்பூரைச் சுற்றிலும் கிராமங்கள். துத்திப்பட்டு, மின்னூர், விண்ணமங்கலம், சோலூர், பாலூர் என்று வரிசையாக ஊர்கள்.

இந்த ஊர்களில் எத்தனை அடிபம்பு? எத்தனை தண்ணீர்த் தொட்டி? எத்தனை குளம்?

ஊர் ஊராகப் போய் எண்ண வேண்டியது இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஊராட்சிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. மக்கள்தொகை, குடிநீர் இணைப்பு, கைக்குழாய், பள்ளிக்கூடம், சந்தை, சுடுகாடு வரை எல்லாம் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள்.

"அந்த அடிபம்புத் தண்ணீரைக் குடிக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அங்கே கட்டம் இல்லை!

யார் எழுதியது?

தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அத்தனை பக்கங்களையும் ஒருவர் உட்கார்ந்து எழுத முடியுமா? எழுதியது பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான். ஊரக வளர்ச்சித் துறையின் 2015-ம் ஆண்டுத் தகவலையும், 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கையும் எடுத்தார்கள். ஒரு மாதிரிப் பக்கம் தயார் செய்தார்கள். பட்டியலில் ஒரு வரி, விக்கியில் ஒரு பக்கம். ஊர்ப் பெயரும் எண்ணும் மட்டும் மாறும். மற்ற வாக்கியங்கள் எல்லாம் ஒன்றுதான்.

அமெரிக்காவில் இது 2002-ம் ஆண்டிலேயே நடந்தது. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து, சுமார் 30 ஆயிரம் ஊர்களுக்கு இப்படிப் பக்கங்கள் எழுந்தன.

இது நல்ல வேலை. குறை சொல்வதற்கு இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு இது பாதி வேலைதான். மீதியைச் செய்ய வேண்டியவர்கள் வாத்தியார்களும் பிள்ளைகளும்.

கட்டம் போட்ட நோட்டு

தகவல் தளம் என்பது வருகைப் பதிவேடு மாதிரி. பையன் வந்தானா, வரவில்லையா? இரண்டில் ஒன்றைத்தான் அதில் குறிக்கலாம். ஏன் வரவில்லை என்று எழுத இடம் கிடையாது.

விக்கி என்பது கட்டம் போடாத நோட்டு. யாரும் எழுதலாம், எழுதியதைத் திருத்தலாம், யார் எப்போது திருத்தினார் என்பதும் தெரியும். 1995-ம் ஆண்டு வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்கர் இதைக் கண்டுபிடித்தார். ஹவாய்த் தீவுகளில் ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய ஒரு பஸ்சின் பெயரிலிருந்துதான் "விக்கி" என்ற பெயரை எடுத்தார். அந்தத் தீவுகளின் மொழியில் அதற்குச் "சீக்கிரம்" என்று பொருள்.

ஊருக்கெல்லாம் பொதுவான விக்கிப்பீடியா இருக்கும்போது வகுப்புக்குத் தனி விக்கி எதற்கு? காரணம் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் வெளியான ஆதாரம் கேட்பார்கள். "எங்கள் கிணறு முன்பு இனித்தது" என்று பாட்டி சொன்னதை அங்கே எழுத முடியாது. வகுப்பு விக்கியில் எழுதலாம்.

செலவும் இல்லை. "டிட்லிவிக்கி" என்று ஒன்று 2004-ம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மொத்த விக்கியும் ஒரே கோப்பு. பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம். இன்டர்நெட் இல்லாத வகுப்பறையிலும் திறக்கும்.

பாலாற்றின் கதை

வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வெறும் கம்ப்யூட்டர்ப் பாடமாக இருக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு அப்படி அல்ல.

ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட பூமி இது. பிறகு குரோமியம் வந்தது. வேலை பெருகியது, வீட்டில் அடுப்பு எரிந்தது. கழிவு பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கியது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 28-8-1996 அன்று தீர்ப்புக் கூறியது. "கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும்" என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. பிறகு அமைந்த ஆணையம் 186 கிராமங்களில் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கணக்கிட்டது. அதோடு முடியவில்லை. 30-1-2025 அன்று சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் ஒரு தீர்ப்பு வழங்கவேண்டி வந்தது.

186 கிராமங்கள்! அதுவும் ஒரு பட்டியல்தான். ஊராட்சி அட்டவணையில் "கைக்குழாய்" என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இந்த விஷயம் வந்தால்தான் எண்ணுக்கு உயிர் வரும். 20 பம்பு இருக்கிற ஊரில் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தால், அந்த 20 எதைக் காட்டுகிறது?

ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். பிள்ளைகளைத் தண்ணீரை ருசி பார்க்கச் சொல்லவே கூடாது. டி.டி.எஸ். பார்க்கும் சிறிய கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்புகள் இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அந்தக் கருவி குரோமியத்தைக் காட்டாது என்பதையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். அளந்ததை வைத்து எந்தக் கம்பெனி மீதும் பழி போடக் கூடாது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மா ஷூ கம்பெனி பஸ்சில்தான் வேலைக்குப் போகிறார். நஷ்டஈடு பெற்றவர்களின் பெயர்களையும் விக்கியில் ஏற்றக் கூடாது.

எங்கே சறுக்கும்?

பட்டியலை விக்கியில் கொட்டும்போது மூன்று இடத்தில் கால் வழுக்கும்.

முதலாவது பெயர். விக்கியில் ஒரு பெயருக்கு ஒரு பக்கம்தான். பாலூர் ஆம்பூர்ப் பக்கமும் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கமும் இருக்கிறது. ஒன்றியத்தின் பெயரைச் சேர்த்து எழுதாவிட்டால் ஒரு பாலூர் இன்னொரு பாலூரை விழுங்கிவிடும்!

அடுத்தது காலிக் கட்டம். ஒன்றும் எழுதாத கட்டத்தைச் சிலர் பூஜ்யம் என்று நிரப்பிவிடுகிறார்கள். இது பெரும் பிழை. பூஜ்யம் என்றால் "இல்லை". காலி என்றால் "தெரியவில்லை". இந்த ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகள் புரிந்துகொண்டால் அதுவே ஒரு வருஷப் பாடம்.

கடைசியாகத் தேதி. 2015-ம் ஆண்டுத் தகவலில் ஆம்பூர் வேலூர் மாவட்டத்தில் இருக்கும். 2019-ம் ஆண்டு வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனது. எந்த ஆண்டின் எண் என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதாவிட்டால், பிள்ளை தவறான மாவட்டத்தைப் படித்துப் பரீட்சையில் எழுதும்.

பக்கத்தை இரண்டாகப் பிரிப்பதே வழி. மேலே அட்டவணை, அதைக் கம்ப்யூட்டர் நிரப்பட்டும். கீழே பிள்ளைகள் எழுதியது. இரண்டும் தனித்தனியாக இருந்தால், புதுப் பட்டியல் வரும்போது மேல் பாதி மட்டும் மாறும். பாட்டி சொன்ன கிணறு அழியாது.

புதுப் பட்டியலும் வரப்போகிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்குக்கு 1-3-2027 என்று தேதி குறித்து 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசு அறிவித்தது. அந்த எண்கள் வந்ததும் 2011-ம் ஆண்டின் எண்களை அழித்துவிடக் கூடாது. பழையதும் புதியதும் அடுத்தடுத்த கட்டத்தில் நிற்கட்டும். மின்னூரில் ஆள் கூடியதா, சோலூரில் குறைந்ததா என்று பிள்ளைகளே கழித்துப் பார்ப்பார்கள். ஏன் என்று கேட்டு வீட்டுக்கு ஓடுவார்கள்.