பனி என்று வரும் இடத்தில் மல்லிகை



திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கம். எழுதியவர் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற பெண். வீட்டில் சுங்குடிச் சேலை வேலை. திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் செகண்ட் ஹேண்டில் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிவந்து தங்கை கையில் கொடுத்திருக்கிறார். அம்மா முடிச்சுப் போட்ட அரக்குச் சேலையைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பளீர் சிவப்பாகத் தெரிகிறதாம். படத்தைப் பார்த்து வாங்கிய ஓர் அம்மா, “நிறம் வேறயா இருக்கே” என்று சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டார். கேமராவில் எடுத்தால் சரியாகுமா என்று பார்த்தால், அதிலுள்ள பொத்தான்களைக் கண்டாலே பயமாக இருக்கிறதாம். கடிதத்தின் கடைசி வரி இது: “ஐயா, ஒரே ஒரு புத்தகம் வாங்கத்தான் காசு இருக்கு. எதை வாங்கட்டும்?”

அந்த ‘ஒரே ஒரு’ என்ற சொல் இரண்டு நாளாக மனசை விட்டுப் போகவில்லை. பத்துப் புத்தகம் வாங்க முடிந்தவருக்கு யோசனை சொல்வது சுலபம். ஒன்றே ஒன்று என்றால் சொல்கிறவருக்குப் பொறுப்பு கூடிவிடுகிறது. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அந்தப் பிள்ளைக்கு. கேமராவை வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் மற்றவர்களும் கூடவே படிக்கலாம்.

நான் படித்த முதல் புகைப்படக் கையேடு ஒரு துண்டுத் தாள். ஃபிலிம் ரோல் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்கள். சூரியன், மேகம், நிழல் என்று சின்னச் சின்னப் படம் போட்டு, எந்த வெளிச்சத்துக்கு லென்ஸ் துளையை எவ்வளவு திறக்க வேண்டும் என்று எதிரே எண் கொடுத்திருக்கும். திண்டுக்கல்லில் ஒரு ஸ்டூடியோவில் பள்ளி விடுமுறையில் எடுபிடியாக இருந்தபோது அங்கிருந்த பெரியவர் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, “தம்பி, மொதல்ல வெளிச்சத்தைப் பாரு. மூஞ்சியை அப்புறம் பாக்கலாம்” என்றார். ஒரு ரோலில் 36 படம்; பார்த்துச் சுற்றினால் இன்னும் ஒன்றிரண்டு கிடைக்கும். ஒவ்வொரு க்ளிக்கும் காசு என்பதால் அந்தத் தாளை மனப்பாடம் செய்தோம். அதன் முதல் வரி மட்டும் விளங்கவே இல்லை. வெயிலில் பனியோ வெளிர்மணலோ இருந்தால் துளையை இன்னும் சுருக்கு என்றது. பனிக்கு நான் எங்கே போக?

பல வருடம் கழித்து, நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் அதற்கு விடை கிடைத்தது. அப்போது கைக்கு டிஜிட்டல் கேமரா வந்திருந்தது. விடியும் நேரம், தரையில் கொட்டிக் கிடந்த மல்லிகையை எடுத்தேன். திரையில் பார்த்தால் பூவெல்லாம் அழுக்குத் துணி நிறம். திரும்ப எடுத்தேன், திரும்பவும் சாம்பல்தான். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெடவில்லை. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு முன்னால் இருப்பது பூவா பூட்டா என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் அது வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவிலுள்ள ஒரு சாம்பலாகத்தான் இருக்கும் என்று நம்பி அளவு போடுகிறது. இன்றைய கேமராக்கள் கொஞ்சம் விவரமாகக் கணக்குப் போட்டாலும் அடிப்படை நம்பிக்கை அதேதான். அதனால் வெள்ளைக் குவியலைக் காட்டினால் ‘அதிக வெளிச்சம்’ என்று குறைத்துவிடும். கறுப்பைக் காட்டினால் ‘வெளிச்சம் போதாது’ என்று கூட்டிவிடும். மல்லிகை வெள்ளையாக வர, கேமராவின் பேச்சை மீறி நாம் வெளிச்சத்தை ஒரு படி (ஒரு ‘ஸ்டாப்’) கூட்டித் தர வேண்டும். நம் ஊர்ப் பட்டறையில் எண்ணெய் படிந்து கறுத்த இரும்புப் பூட்டு கறுப்பாகவே வர, ஒரு படி குறைக்க வேண்டும்.

ஒளிமானியைக் கேட்காமல் கண்ணால் வெளிச்சத்தை எடை போட்டுக் கொடுத்தது அந்தத் துண்டுத் தாள்; அதனால்தான் அது சுருக்கச் சொன்னது, இங்கே நான் கூட்டச் சொல்கிறேன். ஒளிமானி உள்ள கேமராவுக்கு எழுதிய புத்தகங்களும் வெள்ளைக்கு உதாரணம் என்று வந்தால் பனியைத்தான் காட்டுகின்றன. எழுதியவர்கள் ஊரில் பனி விழுகிறது. நம் ஊரில் மல்லிகை குவிகிறது, சம்பங்கி குவிகிறது, வேட்டி காய்கிறது. கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே.

ஆகவே மகளே, புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அட்டைப் படத்தைப் பார்த்து மயங்காதே. உள்ளே பனியைப் பற்றிச் சொல்லும் பக்கத்தைத் தேடு. ‘பனியில் எடுக்கும்போது இந்த அமைப்பை வை’ என்று மட்டும் சொன்னால் அலமாரியிலேயே வைத்துவிடு. பனியில் ஏன் ஒரு படி கூட்ட வேண்டும் என்று காரணம் சொன்னால் அந்தப் புத்தகத்தை நம்பலாம். காரணம் தெரிந்தால் பனியை அடித்துவிட்டு மல்லிகை என்று நீயே எழுதிக்கொள்ளலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் நானும் தப்பான புத்தகம் வாங்கினேன். என்னிடமிருந்த கேமராவின் பெயரையும் மாடல் எண்ணையும் அட்டையில் போட்ட தடிமனான புத்தகம், விலையும் அதிகம். எந்த மெனுவுக்குள் எந்த மெனு, எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வரும் என்று பக்கம் பக்கமாக இருந்தது. மூன்று வருடத்தில் அந்தக் கேமரா போனது. புத்தகமும் சேர்ந்து போனது. பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லக் கேமராவோடு வரும் கையேடே போதும். பழைய கேமரா வாங்கியவர்கள் கையேடு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கேமராக் கம்பெனிகள் பழைய மாடல்களின் கையேடுகளையும் இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. காசு கொடுத்து வாங்குகிற புத்தகம் வெளிச்சத்தைச் சொல்லித்தர வேண்டும்.

அப்படிப்பட்ட புத்தகம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஓர் உதாரணம், அமெரிக்கரான பிரையன் பீட்டர்சன் எழுதிய ‘அண்டர்ஸ்டாண்டிங் எக்ஸ்போஷர்’. 1990-இல் ஃபிலிம் கேமராக்காரர்களுக்காக வந்தது. பிறகு டிஜிட்டல் வந்து ஃபிலிம் போனது. புத்தகம் மட்டும் திருத்திய பதிப்புகளாக இன்றும் விற்கிறது. துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று எப்படி ஈடுகொடுக்கின்றன என்பதுதான் அதன் உயிர். எஃப் 8-இல் துளை சின்னது, எஃப் 4-இல் பெரியது என்று எண் தலைகீழாகப் போவதைப் பார்த்து மலைக்காதவர்கள் கிடையாது. அது பின்னம். லென்ஸின் குவியத் தூரத்தை நாலாக வகுத்தால் வருவது பெரிய துளை, எட்டாக வகுத்தால் சின்னது. ஒரு பலகாரத்தை நாலு பேருக்குப் பங்கு போடுவதும் எட்டுப் பேருக்குப் போடுவதும் போல. இதை ஒரு பக்கத்தில் புரியவைக்காத புத்தகம் முந்நூறு பக்கத்திலும் புரியவைக்காது.

இன்னொரு வகை, ஸ்காட் கெல்பியின் ‘தி டிஜிட்டல் போட்டோகிராஃபி புக்’, 2006-இல் வந்தது. பக்கத்தில் நிற்கிற நண்பர், ‘இதை வை, இங்கே நில், எடு’ என்று சொல்வதுபோல ஒரு பக்கத்துக்கு ஒரு யோசனை. நாளைக் காலையே அக்கா கல்யாணத்தில் படம் எடுத்தாக வேண்டும் என்பவருக்கு அது நல்ல துணை. ஆனால் ஒரே ஒரு புத்தகம் என்றால் என் ஓட்டு பீட்டர்சனுக்கு. ஆங்கிலம் எளிமையாகத்தான் இருக்கும். அகராதியோடு உட்கார்ந்தால் தமிழ்வழியில் படித்தவர்களும் தாண்டிவிடலாம்.

தமிழில் இல்லையா என்று கேட்பீர்கள். ஒளிப்பதிவாளர் சி.ஜெ.ராஜ்குமாரின் ‘அசையும் படம்’, ‘பிக்சல்’ இரண்டும் சினிமா ஒளிப்பதிவு பற்றியவை. என்றாலும் லென்ஸும் வெளிச்சமும் சினிமாவுக்கு ஒன்று, போட்டோவுக்கு ஒன்று என்று இல்லை. நம் புத்தகத் திருவிழாவில் இப்படிப்பட்ட புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள். கேட்பவர் இருந்தால்தான் பதிப்பாளர்கள் போடுவார்கள். எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. ‘குமரி மலர்’ இதழின் ஆசிரியர் ஏ.கே.செட்டியார் புகைப்படக்கலை படிப்பதற்கென்றே 1930-களில் டோக்கியோ போனார், பிறகு நியூயார்க் போனார். திரும்பி வந்து உலகமெல்லாம் அலைந்து காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை 1940-இல் கொண்டுவந்தார். பத்திரிகை ஆசிரியர் ஒருவரே இந்தக் கலைக்காகக் கடல் கடந்த மொழி இது. அதில் கேமரா கற்கும் ஒரு பெண்ணுக்குத் தயங்காமல் எடுத்துக் கொடுக்க ஒரு வரிசைப் புத்தகம் இருக்க வேண்டாமா?

எந்த வெளிநாட்டுப் புத்தகத்தை வாங்கினாலும் ஓர் இடத்தில் அது நம்மை ஏமாற்றும். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் பொன்வெயில், அப்போது எடு என்று சொல்லும். திண்டுக்கல் வடக்கே பத்துப் பாகையை ஒட்டிய ஊர். இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக மேலேறுகிறான். லண்டனில் சாய்வாக, மெதுவாக ஏறுகிறான். அங்கே நீளும் பொன்வெயில் இங்கே அரை மணிகூட நிற்பதில்லை. அதிலும் சின்னாளப்பட்டிக்குக் கிழக்கே சிறுமலை. சூரியன் மலையைத் தாண்டி எட்டிப் பார்க்கும்போதே வெயிலின் மென்மை பாதி போயிருக்கும். மேற்கே பழனி மலைத்தொடர் இருப்பதால் சாயங்காலமும் கொஞ்சம் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. இரண்டு மலைக்கு நடுவில் வாழ்கிறவர்களின் வெளிச்சக் கணக்கு தனி.

உச்சிவெயிலும் அப்படியே. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறான். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறைமேல் அந்த நேரம் யாரையாவது நிறுத்திப் படமெடுத்துப் பாருங்கள்; நிழல் காலடியில் கிடக்கும், கண்கள் இருக்குமிடத்தில் இரண்டு கறுப்புக் குழி தெரியும். அதற்கு நம் வீடுகளிலேயே மருந்து இருக்கிறது. திண்ணை. மேலே கூரை வெயிலை மறைக்க, எதிர்த்த சுவரில் பட்ட வெளிச்சம் பக்கவாட்டில் வந்து முகத்தில் பரவும். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்டூடியோக்காரர்கள் துணிக்குடை கட்டி வரவழைக்கிற வெளிச்சம் அதுதான்.

மனித நிறத்துக்கும் ஒரு வார்த்தை. பழைய கையேடுகளில் முகத்தை அளந்து எடு என்று இருந்தால் அது வெளுத்த முகத்தை மனதில் வைத்துச் சொன்னது. மாநிறமும் கறுப்பும் உள்ள நம் முகங்களை அப்படி அளந்தால் கேமரா வெளுக்க வைத்துவிடும். உள்ளங்கையை நம்பு. கறுத்தவரோ சிவந்தவரோ, உள்ளங்கை நிறத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உன் உள்ளங்கையைக் காட்டி அளந்து, ஒரு படி கூட்டிக்கொள். அம்மாவின் நிறம் அம்மாவின் நிறமாகவே வரும்.

சேலைக்கு வருகிறேன். கேமராவில் ‘ஒயிட் பேலன்ஸ்’ என்று ஒன்று உண்டு. எந்த விளக்கின் கீழ் எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடம். குண்டு பல்பு மஞ்சளடிக்கும், நிழல் நீலமடிக்கும். டியூப்லைட்டை அணைத்துவிடு, ஜன்னல் வெளிச்சம் ஒன்று மட்டும் இருக்கட்டும். இரண்டு விளக்கு கலந்தால் எந்தக் கேமராவாலும் நிறத்தைத் தீர்மானிக்க முடியாது. அப்பாவின் துவைத்த வேட்டியைச் சேலை கிடக்கும் இடத்தில் விரித்து அதைப் படமெடுத்து, கஸ்டம் என்ற அமைப்பில் அதையே வெள்ளையாக வைத்துக்கொள். நீலம் போட்டு வெளுத்த வேட்டி வேண்டாம். அரக்கு போன்ற அடர்சிவப்பு கேமராவுக்குச் சீக்கிரம் திகட்டிவிடும். அரைப் படி குறைத்து எடு. ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் முடிச்சவிழ்த்த இடத்தில் துணியில் நிற்கும் சுருக்கம்கூடத் தெரியும். அச்சடித்த புள்ளிக்கும் கையால் கட்டிய புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை வாங்குகிறவருக்குக் காட்டுவது அந்தச் சுருக்கம்தான். உன் அம்மாவின் விரல் பட்ட இடம் அது.

கேமரா பழசு என்று கடிதத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறாய். காட்டுயிர்ப் புகைப்படத்தில் நமக்கெல்லாம் முன்னோடியான மா.கிருஷ்ணன், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே பொருத்திக்கொண்ட ஒன்றால்தான் யானைகளை எடுத்தார், அதுவும் கறுப்பு வெள்ளையில். உன்னுடையது அதைவிடப் பல மடங்கு வசதி.

அவர் பெயரைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அய்யலூர்ப் பக்கக் காடுகளில் தேவாங்கு இருக்கிறது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக 2022 அக்டோபரில் அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம். இருட்டில் வாழப் படைத்த அந்தப் பெரிய கண்களுக்கு நேராக ஃப்ளாஷ் அடிப்பது கொடுமை. கேமரா வாங்கிய இளைஞர்களை மனதில் வைத்தே சொல்கிறேன். எப்போது எடுக்கக் கூடாது என்பதற்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறதா என்று புத்தகத்தின் பொருளடக்கத்தில் பாருங்கள்.

கடைசியாக, அந்தப் பிள்ளைக்கு. காசை இப்போதைக்குப் பத்திரமாக வை. என்னிடமிருக்கும் பீட்டர்சனை அலுவலக மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணன் ஊருக்கு வரும்போது இருவரும் வந்து வாங்கிக்கொண்டு போங்கள். படித்து முடித்த பிறகு திருப்பித் தந்தால் போதும். ஓரங்களில் என் பென்சில் எழுத்து இருக்கும். பனி வரும் இடங்களில் ‘மல்லி’ என்று எழுதியிருக்கிறேன். பின்பக்க வெள்ளைத் தாள் காலியாக இருக்கிறது. அரக்குச் சேலை எந்த ஜன்னலில், எத்தனை மணிக்கு, எந்த அளவில் சரியான நிறத்துக்கு வந்தது என்று அதில் எழுதிக் கொடு. அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பு; அடுத்த இதழில் இந்தப் பக்கத்தில் அது வரும்.

அன்புடன்,
ஆசிரியர்