ஒட்டுத்துணிப் போர்வைக்கு எத்தையல்?

துண்டுத் துணிகளை இணைத்த மேல்விரிப்பு மட்டும் போர்வை ஆகாது. அதனை நடுத்துணியோடும் அடித்துணியோடும் சேர்த்துத் தைத்தல் வேண்டும். முதன்முறை தைப்போர் பூவும் கொடியுமாகத் தைக்க முனைவது தவறு என்பேன். ஊசி மேலும் கீழுமாய் நேரே செல்லும் ஓட்டுத் தையலே போதும்.

அதனை இழிவாக எண்ணாதீர்கள். வங்காளப் பெண்கள் பழம்புடைவைகளை அடுக்கி, அவற்றின் கரையில் உருவிய நூலாலேயே தைத்த காந்தாவுக்கும் அடிப்படை இத்தையலே. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்கள் விளிம்பில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை அடைவர். அவர்கள் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே தைப்பதால் அம்முறை பொருந்தும். உங்கள் மேல்விரிப்போ முன்பே முடிந்துவிட்டது. விளிம்பில் தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் திரளும். ஆதலால் நடுவிலிருந்து வெளிநோக்கித் தையுங்கள்.

உள்ளே பஞ்சு வைப்பதற்கும் நான் உடன்படேன். திருவனந்தபுரத்தின் இடவப்பாதி மழையில் அஃது எளிதில் உலராது. தாத்தாவின் பழைய வேட்டி போதும். ஊசியும் இலகுவாக இறங்கும்.

தையல் கோணுமோ? கோணட்டும். பாட்டியின் சுங்குடிச் சேலைத்துண்டு அதில் இருக்கிறது. அழகாகத் தைக்க வராதென அஞ்சிப் பெட்டியில் பூட்டினால், அதனைப் பூச்சிதான் போர்த்திக்கொள்ளும்.