கைமாறும் புத்தகம்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன் என்றொரு கடை இருந்தது. முடிவெட்டிக்கொள்ள வந்தவர்களோடு கதை எழுதுகிறவர்களும் கட்சித் தோழர்களும் வாசிப்புப் பித்துப் பிடித்த இளைஞர்களும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். 1966 ஆகஸ்டில் அந்தக் கடையிலிருந்து 'மல்லிகை' என்ற மாத இதழ் புறப்பட்டது. அதன் ஆசிரியர் டொமினிக் ஜீவா, அங்கே கத்தரிக்கோல் பிடித்து வேலை பார்த்தவர்.

ஜீவா சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். வகுப்பில் ஆசிரியர் ஒருவர் சாதித் தொழிலைச் சொல்லி இழிவுபடுத்தியதுதான் காரணம். அதன்பின் அவருக்குக் கிடைத்த கல்வி முழுவதும் புத்தகங்களிலிருந்தும் கடைக்கு வந்து போனவர்களின் பேச்சிலிருந்தும் வந்தது. பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தத்தின் மீதிருந்த பற்றினால் தன் பெயரோடு 'ஜீவா'வைச் சேர்த்துக்கொண்டார். 1960இல் வந்த அவருடைய முதல் சிறுகதைத் தொகுதி 'தண்ணீரும் கண்ணீரும்' இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. பள்ளி வெளியே தள்ளிய ஒரு பையனை வாசிப்பு எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் எங்களுக்கு அவர் முக்கியமானவராகத் தெரிவது அந்தப் பரிசினால் மட்டும் இல்லை.

மல்லிகை தொடங்கிய அதே 1966இல், அக்டோபர் மாதம், தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்டது. கோயில்களும் தேநீர்க் கடைகளும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு சலூனின் பெஞ்சில் எல்லாச் சாதிகளையும் சேர்ந்த எழுத்தாளர்கள் வந்து உட்கார்ந்து இலக்கியம் பேசினார்கள் என்றால், அதைச் சாதித்தது வாசிப்பின் மீதிருந்த ஆசை. வேறு எந்த அழைப்பும் அவர்களை அங்கே கொண்டுவந்திருக்காது. ஜீவா இதழ்களைத் தாமே சுமந்து வீதி வீதியாகப் போய் விற்றார். அட்டையில் ஈழத்துப் படைப்பாளிகளின் முகங்களைப் போட்டார். சிங்களக் கதைகளைத் தமிழாக்கி வெளியிட்டார். போர் வந்தது, இடம்பெயர்வு வந்தது. இதழ் கொழும்புக்குப் போனது. 2012 வரை, நானூறு இதழ்களை எட்டும்வரை அவர் விடவில்லை. சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கு அந்த நானூறின் கனம் தெரியும்.

யாழ்ப்பாணம் என்றதும் நமக்கு நினைவில் வருவது எரிந்த நூலகம். மே முடிந்து ஜூன் பிறக்கும்போதெல்லாம் தமிழ் இதழ்கள் அதைப் பற்றி எழுதுகின்றன; எழுதத்தான் வேண்டும். 1981 மே 31 இரவு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, அரசின் காவல்படையினர் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அந்தத் தீயைப் பார்த்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் ஆறாத காயம் அது. ஆனாலும் நம்மிடம் ஒரு குறை உண்டு. 97,000 என்ற எண்ணைத் தெரிந்து வைத்திருக்கும் நாம், அந்த நூலகம் எப்படி உண்டானது என்பதை அரிதாகவே பேசுகிறோம்.

அது ஒரு வீட்டில் தொடங்கியது. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்த புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்க ஆரம்பித்தார். அவர் செய்ததெல்லாம் அலமாரியைத் திறந்து வைத்ததுதான். அடுத்த ஆண்டே ஊரிலுள்ளவர்கள் கூடி ஒரு குழு அமைத்தார்கள், அவரே செயலாளரானார். ஒற்றை அறையில் ஏறத்தாழ ஆயிரம் புத்தகங்களும் பத்திரிகைகளுமாக நூலகம் உருப்பெற்றது. வாசகர் கூட்டம் பெருகப் பெருக அறை போதவில்லை. நிரந்தரக் கட்டடம் வேண்டும் என்று நிதி திரட்டினார்கள். பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகள் இதற்காக உழைத்த உழைப்பின் நினைவாக அவருக்கு அங்கே சிலை வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கப் பாதிரியாரின் சிலையும் சரசுவதியின் சிலையும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. கட்டடத்தை வரைந்தவர் சென்னையிலிருந்து போன கட்டடக் கலைஞர் நரசிம்மன். நூலக முறைகளுக்கு ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1954இல் அடிக்கல் நாட்டி 1959இல் திறந்தார்கள். 1967இல் சிறுவர் பகுதி வந்தது. ஒருவருடைய வீட்டு அலமாரிக்கும் அந்தப் பெரிய கட்டடத்துக்கும் இடையில் இருபத்தாறு ஆண்டுகள், எத்தனையோ பேருடைய காசு, எத்தனையோ மாலைப் பொழுதுகள்.

அந்தத் தீயைப் பற்றி யோசிக்கும்போது எங்களுக்குத் திரும்பத் திரும்ப ஓர் எண்ணம் வருகிறது. அன்றிரவு நூலகத்திலிருந்து இரவலாக வாசகர் வீடுகளுக்குப் போயிருந்த புத்தகங்கள் எரியவில்லை. யாரோ ஒரு மாணவி தலைமாட்டில் வைத்துத் தூங்கிய பிரதி, யாரோ ஒருவர் தவணை கடந்தும் திருப்பித் தராத பிரதி, இப்படிச் சில மிஞ்சியிருக்கும். அரிய நூலென்று பத்திரமாகப் பூட்டி வைத்தவை சாம்பலாயின. கைமாறிப் போனவற்றுக்கு ஆயுசு கெட்டியாக இருந்தது.

அடுத்த தலைமுறை இதைத் தெளிவாகவே புரிந்துகொண்டது என்று நினைக்கிறோம். 2005இல் 'நூலகம்' என்ற நிறுவனம் உருவானபோது, ஈழத்து நூல்களை, இதழ்களை, செய்தித்தாள்களை ஒவ்வொரு பக்கமாக மின்வருடி யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் வீடு வீடாகக் கேட்டு வாங்கினார்கள். புலம்பெயர்ந்தவர்கள் பெட்டியில் எடுத்துப்போன புத்தகங்களும் திரும்பி வந்தன. பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், யாரோ ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் உறவினர் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலர்கள் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் 'கல்வெட்டு' என்று சொல்லப்படும் அந்த மலரில் குடும்பத்தின் வம்சாவளி, ஊர், தொழில் எல்லாம் இருக்கும். சிதறிப்போன ஒரு சமூகத்துக்கு இதைவிட நல்ல வரலாற்றுச் சான்று கிடைப்பது கடினம். மல்லிகையும் அங்கே இருக்கிறது. சலூனில் பிறந்த அந்த இதழைத் தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு கல்லூரிப் பெண் இன்றிரவு படிக்கலாம்.

நம் பக்கத்திலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர் வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றில் புத்தகங்களோடு அழைப்பிதழ்களும் நாடக நோட்டீஸ்களும் இருந்தன. 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைபெறச் செய்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிற எவரும் தரமணிக்குப் போகாமல் எழுத முடியாது. அவர் கொடுத்து வைத்தவர். எத்தனையோ சேகரிப்பாளர்களின் வீட்டில் கருமாதி முடிந்த வாரமே பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு வந்துவிடுகிறார். உ. வே. சா. காலத்தில் ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள். இப்போது கிலோக் கணக்கில் போகிறது. குடும்பத்தாரைக் குறை சொல்வதில் பயனில்லை. அந்தப் புத்தகங்கள் ஒருநாளும் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. வெளியாள் எவரும் அவற்றைத் தேடி வந்ததுமில்லை. பிறகு அவற்றின் மதிப்பு அந்த வீட்டுக்கு எப்படித் தெரியும்?

புத்தகத்தை இரவல் கொடுத்தால் திரும்பாது என்று சொல்லிப் பூட்டி வைக்கும் நண்பர்கள் நமக்கு நிறைய உண்டு. அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் செல்லப்பாவின் புத்தகங்களிலும் சில திரும்பியிருக்காது. அதற்காக அவர் அலமாரியைச் சாத்தியிருந்தால் யாழ்ப்பாணத்துக்கு அந்த நூலகம் எப்போது, எப்படி வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தூத்துக்குடியில் தம் முடிதிருத்தும் கடையிலேயே நூலகம் வைத்து, வாசிக்கிறவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் ஒருவரைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். கஸ்தூரியார் வீதியைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வேலையின் அடுத்த கண்ணி அவர்தான்.

வாசகர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களிடம் பழைய சிற்றிதழ்கள் இருக்கும். சிலரிடம் ஒற்றை இதழ், சிலரிடம் முழுத்தொகுப்பு. அவற்றை எங்களுக்கு அனுப்ப வேண்டாம். இதழின் பெயர், ஆண்டு, எண், யார் கேட்டால் காட்டுவீர்கள் என்ற விவரம், இவ்வளவையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். இரவல் தர மனமில்லாதவர்கள் வீட்டுக்கு வந்து படமெடுத்துக்கொள்ள அனுமதித்தாலும் நல்லது. அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்களை இந்தப் பட்டியலுக்காக ஒதுக்கியிருக்கிறோம். 1960களிலும் 70களிலும் வந்த இதழ்களை முதலில் வெளியிடுவோம். அந்தத் தாள்கள் இப்போதே மடித்தால் ஒடிகின்றன.