படித்தவுடன் புரிய வேண்டும்!

சீறி வருகிறது ஒரு மோட்டார் சைக்கிள். அதற்கு எதிரே ஓடுகிறது ஒரு சின்னஞ்சிறு குழந்தை. பக்கத்தில், "குழந்தையைக் காப்பாற்றுங்கள்!" என்ற வாசகம்.

இது 1953-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மோட்டார் சங்கம் வெளியிட்ட சுவரொட்டி. பூவும் கொடியும் அதில் கிடையாது. ஆனாலும் பார்ப்பவர் நெஞ்சு பதறும்! அதை அமைத்தவர் சூரிச் நகர ஓவியர் ஜோசப் முல்லர்-பிராக்மன்.

இந்த முறைக்கு "சுவிஸ் பாணி" என்று பெயர். தாளைக் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களாகப் பிரிப்பார்கள். படமும் எழுத்தும் அந்தக் கட்டங்களுக்குள் அடங்கி நிற்கும். இடையில் வெற்றிடம் தாராளமாக இருக்கும்.

இது சுவிட்சர்லாந்தில் வளர்ந்தது ஏன்? அங்கே ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ் என்று நான்கு தேசிய மொழிகள். ஒரே செய்தியைப் பல மொழிகளில் அச்சிட வேண்டும். எந்த மொழியும் பின்தங்கக் கூடாது. அதற்குக் கட்டங்கள் கைகொடுத்தன.

எழுத்தும் எளிமையானது. 1957-ம் ஆண்டில், பாசல் நகருக்கு அருகே உள்ள ஹாஸ் என்ற எழுத்து வார்ப்புக் கம்பெனி ஒரு புதிய ரோமன் எழுத்தை வெளியிட்டது. எடுவார்ட் ஹாப்மன் யோசனை சொன்னார். மாக்ஸ் மீடிங்கர் வரைந்தார். எழுத்தின் முனைகளில் வால் போன்ற கோடுகள் இல்லை. 1960-ல் அதற்கு "ஹெல்வெடிகா" என்று பெயர் வைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் லத்தீன் பெயரில் இருந்து பிறந்த பெயர் அது!

அந்தப் பாணி கடல் கடந்தது. நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் பலகைகள் பலவிதமாக இருந்தன. பயணிகள் வழி தெரியாமல் திகைத்தார்கள். மாசிமோ விக்னெல்லி, பாப் நூர்டா என்ற இருவர் 1970-ல் எல்லாப் பலகைகளுக்கும் ஒரே விதி வகுத்தார்கள். இன்று அங்கே வழிகாட்டுவது ஹெல்வெடிகா எழுத்துதான்.

"எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி! அலுத்துவிட்டது" என்று சொல்பவர்களும் உண்டு. பாசல் கலைப் பள்ளியிலேயே ஆசிரியராக இருந்த வொல்ப்காங் வைன்கார்ட், பழைய விதிகளை வேண்டுமென்றே மீறிக் காட்டினார். அதிலும் நியாயம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கு அழகு வேண்டும். சினிமா சுவரொட்டிக்கு ஆர்ப்பாட்டம் வேண்டும்.

ஆனால், மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டுக்கு? "அபாயம்" என்ற பலகைக்கு? அரசாங்க விண்ணப்பத்துக்கு? அங்கே அலங்காரம் எதற்கு!

நன்றாகப் படித்தவர் எப்படி எழுதினாலும் படித்துவிடுவார். எழுத்துக்கூட்டிப் படிப்பவரின் நிலை அப்படியா? ஒரு எழுத்து புரியாவிட்டால் மருந்து மாறிவிடும், வழி தவறிவிடும்.

ஆகவே, பொதுமக்களுக்காக ஒரு பலகை எழுதுபவர் யாராக இருந்தாலும், நேற்று எழுத்துக் கற்றவரை மனதில் வைத்து எழுதட்டும். அவருக்குப் புரிந்தால், ஊருக்கே புரியும்!