பாபநாசம் நீர்மின் நிலையத்தைப் புதுப்பித்து உற்பத்தியைப் பெருக்கக் கோரும் மனு

பெறுநர்: தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்கள், நீர்வளத்துறைத் தலைமைப் பொறியாளர் அவர்கள், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

அனுப்புநர்: தாமிரபரணிப் பாசன விவசாயிகளும் மின்நுகர்வோரும் இணைந்த சங்கம், அம்பாசமுத்திரம் வட்டாரம்.

பொருள்: பாசனத்துக்குத் திறக்கும் நீரின் அளவையும் காலத்தையும் மாற்றாமல், பாபநாசம் நீர்மின் நிலையத்தின் இயந்திரங்களைப் புதுப்பித்துக் கூடுதல் மின்சாரம் பெறுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி சமவெளியைத் தொடும் இடத்தில் அமைந்த பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 முதல் மின்சாரம் தந்து வருகிறது. தலா 7 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்களோடு 28 மெகாவாட் நிலையமாக இருந்த இது, பின்னர் நடந்த புதுப்பிப்பில் இயந்திரத்துக்கு 8 மெகாவாட் என உயர்த்தப்பட்டு 32 மெகாவாட் நிலையமாயிற்று. அணையைத் தொடாமல், ஆற்றில் புதிதாக ஒரு கல்லும் வைக்காமல், இயந்திரத்தை மட்டும் செம்மைப்படுத்திக் கூடுதல் மின்சாரம் பெறலாம் என்பதற்கு இந்நிலையமே சான்றாக இருப்பதால், அப்பணியை இன்றைய தொழில்நுட்பத்தோடு அடுத்த கட்டத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று இச்சங்கம் கோருகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது அவசியமாகிறது. மெகாவாட் என்பது ஓர் இயந்திரம் முழுச் சுமையில் ஓடும்போது தரக்கூடிய உச்சத் திறனைக் குறிப்பது. யூனிட் என்பது அது உண்மையில் உற்பத்தி செய்து தந்த மின்சாரத்தை அளப்பது. பாபநாசம் அணையின் நீர் முதலில் பாசனத்துக்கும் குடிநீருக்கும் உரியது என்பதால், மதகு திறக்கும் அளவு கார், பிசான நெற்பருவங்களின் தேவையைப் பொறுத்தே அமைகிறது. ஆண்டின் பல மாதங்களில் அந்த அளவு நான்கு இயந்திரங்களும் முழுத்திறனில் ஓடப் போதுமானதாக இருப்பதில்லை. ஆகவே 32 என்ற எண்ணை 36 அல்லது 40 என்று மாற்றுவதைக் காட்டிலும், குறைந்த நீர்வரத்திலும் செயல்திறன் குன்றாத சுழலிகளைப் பொருத்துவதே இந்த ஆற்றுக்குப் பொருத்தமான மேம்பாடாகும். உச்சத் திறனை உயர்த்தியதாக அறிவிப்பது எளிது. ஆண்டு முடிவில் யூனிட் கணக்கு உயராவிட்டால் அந்த அறிவிப்பால் பயனில்லை.

செயல்திறன் என்பது நீரில் உள்ள ஆற்றலில் எத்தனை விழுக்காடு மின்சாரமாக மாறுகிறது என்பதைக் குறிக்கும். கணக்கின் வசதிக்காக நூறு மீட்டர் வீழ்ச்சி என்று கொண்டால், ஒரு மில்லியன் கன அடி நீரில் ஏறத்தாழ 7,700 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. மொத்தச் செயல்திறன் 80 விழுக்காடாக உள்ள பழைய இயந்திரம் அதிலிருந்து சுமார் 6,170 யூனிட்டும், 90 விழுக்காட்டை எட்டும் இயந்திரம் சுமார் 6,940 யூனிட்டும் தரும். பாபநாசம் அணையின் கொள்ளளவான 5,500 மில்லியன் கன அடியும் ஒரே ஒருமுறை சுழலிகள் வழியே சென்றாலும் இந்த வேறுபாடு 42 லட்சம் யூனிட்டுக்கு மேல் ஆகிறது. இரு பருவமழைகளாலும் நீர் பெறும் இந்த ஆற்றில் அணை ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் நிரம்பக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இழப்பின் அளவு இன்னும் தெளிவாகும்.

இத்தகைய இழப்பு எங்கே நேர்கிறது என்பது பொறியாளர்கள் நன்கு அறிந்ததே. சுழலியின் தகடுகளை ஒட்டி அழுத்தம் குறையும் இடங்களில் நீராவிக் குமிழிகள் தோன்றி உடைவதால் உலோகம் அரிக்கப்பட்டுக் குழி விழுகிறது. அக்குழிகளைப் பற்றவைத்து அடைத்துத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் தகட்டின் மூல வளைவு சிறிது மாறுகிறது. மழைக்காலத்தில் அடித்து வரும் இலையும் சுள்ளியும் குழாய் முகப்பின் கம்பித் தடுப்பில் அடைத்துக்கொண்டு நீரின் அழுத்தத்தைக் குறைக்கின்றன. வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கவர்னர் பழைய இயந்திர வகையாக இருந்தால், சுமை மாறும்போது சுழலிக்குள் நீரை விடும் மதகிதழ்களைத் தாமதமாகவே திருப்புகிறது. இவற்றுக்குத் தீர்வாக, கணினி வழி வடிவமைத்த துருப்பிடிக்காத எஃகுச் சுழலிகளையும், தானே துடைத்துக்கொள்ளும் கம்பித் தடுப்பையும், எண்ணியல் கவர்னரையும் பொருத்த வேண்டும். மின்னாக்கியின் கம்பிச் சுருளைப் பொறுத்தவரை, பழைய தார்-மைக்கா காப்பைவிட மெல்லியதும் கூடுதல் வெப்பம் தாங்குவதுமான எப்பாக்சி-மைக்கா காப்பு இன்று கிடைப்பதால், அதே உடற்கூட்டுக்குள் அதிகச் செம்பைப் பொருத்த இயலும். இயந்திரத்தின் உருவம் பெருகாமலே அதன் திறன் கூடுவதற்கு இதுவே காரணம். இவை எதையும் வாங்குவதற்கு முன், குழாயின் சுவர்த் தடிப்பை மீயொலியால் அளப்பது உட்பட, எஞ்சிய ஆயுள் மதிப்பீடு எனப்படும் முழு ஆய்வை நடத்தி அதன் அறிக்கையைப் பொதுவில் வைக்குமாறு இச்சங்கம் வேண்டுகிறது.

மாநிலத்துக்குள் இத்தகைய புதுப்பிப்புக்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1937 இல் தொடங்கிய மேட்டூர் அணை மின் நிலையம் 40 மெகாவாட்டிலிருந்து 50 மெகாவாட்டுக்கும், பெரியாறு மின் நிலையம் 140 மெகாவாட்டிலிருந்து 161 மெகாவாட்டுக்கும் இவ்வாறே உயர்த்தப்பட்டன. மேலும், பாபநாசத்துக்கு மேலுள்ள மலைப்பகுதி 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமாக இருப்பதால், அங்கு மற்றோர் அணையோ காட்டை ஊடுருவும் குழாயோ அமைப்பதை இச்சங்கம் கேட்கவும் இல்லை, விரும்பவும் இல்லை.

பாசனத்தைக் குறித்து ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் அவற்றின் கால்வாய்களும் 86,107 ஏக்கர் நிலத்துக்கு நீர் தருகின்றன. இயந்திரம் புதிதானபின், மாலை உச்சத் தேவைக்காக நீரைப் பகலில் தேக்கி மாலையில் மட்டும் விடும் வழக்கம் தலையெடுத்தால், கோடைமேலழகியான், நதியுண்ணி போன்ற மேற்கால்வாய்களின் நீர்மட்டம் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கி, கடைமடை வயல்களுக்கு நீர் எட்டாமற் போகும். ஆகவே நாள்தோறும் ஆற்றில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச நீரோட்டத்தை நீர்வளத்துறை எழுத்தில் வரையறுத்து, அதை மின் நிலையத்தின் இயக்கக் குறிப்பேட்டில் கட்டாய விதியாகச் சேர்க்க வேண்டும். இந்த உறுதி இல்லாமல் நடைபெறும் எந்த மேம்பாட்டையும் விவசாயிகள் ஏற்க இயலாது.

பணியின் காலமும் பாசனத்தைச் சார்ந்ததே. நான்கு இயந்திரங்களையும் ஒருசேர நிறுத்தாமல் ஒவ்வொன்றாக எடுத்து, பிசான அறுவடைக்குப் பின் ஜூன் மாதக் கார் நீர்த்திறப்புக்கு முன்னுள்ள கோடை இடைவெளியில் பெரும்பகுதி வேலையை முடிக்கத் திட்டமிட வேண்டும். புதிய உதிரிகள் பணியிடம் வந்து சேர்ந்த பின்னரே பழையதைக் கழற்ற வேண்டும். பிரித்துப் போட்ட இயந்திரம் உதிரிக்காகக் காத்துக் கிடந்தால் அந்தப் பருவத்தின் நீர் யூனிட் ஆகாமலே கடந்துபோகும்.

இயந்திரம் இயங்கத் தொடங்கும்போது கீழே ஆற்றில் நீர்மட்டம் திடீரென உயரக்கூடும் என்பதால், படித்துறைகளில் குளிப்போர் கேட்கும்படி எச்சரிக்கைச் சங்கொலி ஏற்பாடும், குறிப்பாக ஆடி அமாவாசைக் காலத்தில் கூடுதல் கண்காணிப்பும் தேவை. பெருகும் மின்சாரம் மாநிலத் தொகுப்புக்கே செல்லும் என்பதையும், அதனால் மட்டும் வட்டாரக் கிராமங்களின் மின்னழுத்தம் சீராகிவிடாது என்பதையும் இச்சங்கம் உணர்ந்துள்ளது; எனவே மின்மாற்றிகளின் சுமையை ஆய்ந்து, தேவைப்படும் இடங்களில் கூடுதல் மின்மாற்றிகளை அமைக்கும் பணியும் இத்திட்டத்தோடு இணைக்கப்பட வேண்டும்.

நிதி பற்றி ஒரு சிக்கல் உள்ளது. இந்தியாவில் 25 மெகாவாட் வரையுள்ளவையே சிறு நீர்மின் நிலையங்களாகக் கொள்ளப்படுகின்றன. தலா 8 மெகாவாட் கொண்ட நான்கு சிறு இயந்திரங்களே இங்கு ஓடினாலும், கூட்டுத்தொகை 32 ஆவதால், சிறு நிலையங்களுக்கான உதவியைக் கோர முடியாதபடி பாபநாசம் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. பெரிய நீர்மின் நிலையங்களையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக ஒன்றிய அரசு 2019 இல் ஏற்றுக்கொண்டுள்ள நிலையில், பழைய நிலையங்களில் புதுப்பிப்பால் கிடைக்கும் கூடுதல் யூனிட்டுகளுக்கேனும் உதவி வழங்குமாறு மாநில அரசு ஒன்றிய அரசிடம் வலியுறுத்த வேண்டும் என்றும், அது கிடைக்கும்வரை காத்திராமல் ஆய்வுப் பணிக்கான தொகையை வரும் நிதியாண்டிலேயே ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

எஞ்சிய ஆயுள் ஆய்வு தொடங்கும் நாள், அதை நடத்தவிருக்கும் பிரிவு, விவசாயிகளுடன் கலந்தாய்வு நடைபெறும் இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அடுத்த கார் நீர்த்திறப்புக்கு முன் எழுத்துமூலம் பதில் அளிக்குமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

நகல்: அம்பாசமுத்திரம் சட்டமன்ற உறுப்பினர் அவர்கள், நீர்வளத்துறைச் செயற்பொறியாளர் அவர்கள்.