வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எங்கே போயின?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, கொரட்டூர், ஆவடி என்று சென்னையின் மேற்குப் புறநகர் தண்ணீரில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். வீட்டுக்குள் புகுந்த தண்ணீரைப் பற்றிப் பேசினோம். நிவாரணத்தைப் பற்றிப் பேசினோம். வாசலில் சீட் மட்டத்துக்கு மூழ்கி நின்ற கார்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. 2015 டிசம்பரிலும் இதே கதைதான். அந்தக் கார்கள் எல்லாம் உடைபட்டு இரும்பாகிவிடவில்லை. பல கார்கள் கழுவித் துடைத்து, புது சீட் கவர் போட்டு, மறுபடியும் சாலைக்கு வந்துவிட்டன. ஒருவேளை நம் தெருவிலேயே ஒன்று நிற்கலாம்.

இது எப்படி நடக்கிறது? பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் குறித்துள்ள ஐ.டி.வி. தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அந்த வண்டியை 'டோட்டல் லாஸ்' கணக்கில் சேர்க்கிறது. உரிமையாளருக்குப் பணம் கிடைக்கிறது. வண்டி கிடக்கும் நிலையிலேயே விலை பேசப்பட்டு, அதிகம் கேட்ட வியாபாரியின் கைக்குப் போகிறது. நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாமல் போன வண்டியை 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55வது பிரிவு. ஆனால் 'டோட்டல் லாஸ்' என்பது பணக் கணக்கு. 'பயன்படுத்த முடியாத வண்டி' என்பது வேறு. ஓட்ட முடியும் என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டால் ஆர்.சி. உயிரோடு இருக்கிறது. அதில் வெள்ளத்தின் சுவடு ஒரு எழுத்தும் இல்லை.

இப்படித் தேற்றிய வண்டி எல்லாமே மோசடி என்று நாம் சொல்லவில்லை. ஒயரிங்கை முழுசாக மாற்றி, செய்த வேலைக்குப் பில் வைத்து, உண்மையைச் சொல்லி விற்றால் அது நேர்மையான தொழில். சிக்கல் என்னவென்றால், செலவாகும் வேலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. இன்ஜினில் தண்ணீர் புகுந்தால் வண்டி நின்றுவிடும், அது உடனே தெரிந்துவிடும். ஏர்பேக்கை இயக்கும் மின்னணுப் பெட்டி அப்படியல்ல. பெரும்பாலான கார்களில் அது நடுவில், கியர் லீவருக்குப் பக்கத்தில், தரையோடு ஒட்டி இருக்கிறது. கார்பெட் நனைந்தாலே அதற்கு ஆபத்துதான். கனெக்டர்களில் பச்சைக் களிம்பு ஏற ஆறு மாதம், ஒரு வருடம் ஆகலாம். அதற்குள் வண்டி கை மாறியிருக்கும். ஏ.பி.எஸ். பிரேக்குக்கும் இதே நிலைமை வரலாம்.

சரி, அரசு சோதிக்காதா என்று கேட்கலாம். சொந்தக் காருக்குப் பதிவின் ஆயுள் 15 வருடம். அதுவரை எந்தத் தகுதிச் சோதனையும் கிடையாது. வாடகை டாக்ஸி, ஆட்டோ, வேன் போன்றவை முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடா வருடமும் எஃப்.சி. காட்ட வேண்டும். குடும்பம் மொத்தமும் ஏறிப் போகும் காருக்கு அது இல்லை. பூந்தமல்லி, அம்பத்தூர் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பெயர் மாற்றத்துக்குப் போனால் பெரும்பாலும் பார்க்கப்படுவது காகிதங்கள்தான். 15 வருடம் கழித்துப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். காரின் வயதை இவ்வளவு கணக்குப் பார்க்கும் சட்டம், அது எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தது என்று கேட்பதில்லை.

வளைகுடாவில் வேலை பார்த்த சகோதரர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். சவூதியில் மூன்று வருடம் தாண்டிய காருக்கு வருடா வருடம் 'ஃபஹஸ்' முடிக்க வேண்டும். அமீரகத்திலும் 'பாஸிங்' ஆகாமல் முல்கியா புதுப்பிக்க முடியாது. அமெரிக்க மாநிலங்களில் இப்படித் தேற்றிய காரின் உரிமைப் பத்திரத்திலேயே அதைக் குறித்துவிடுகிறார்கள்.

சோதனை இருந்தால் மட்டும் போதும் என்பதும் இல்லை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்தப் பேருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. கொடுத்திருந்தார்கள். மனிதர் கையெழுத்தை மட்டும் நம்பாமல், கருவிகளே அளந்து சொல்லும் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு மத்திய அரசு 2021 செப்டம்பரில் விதி கொண்டுவந்தது. அதன் வேகத்தை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த விஷயத்தில் நம் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு கவலை இருக்கிறது. வட்டிக்குப் பயந்து கார் லோன் எடுக்காமல், சேர்த்த பணத்தில் பழைய கார் வாங்குபவர்கள் நம்மில் அதிகம். நல்ல முடிவுதான். ஆனால் லோன் இருந்தால் வங்கியாவது தன் பணத்துக்காக ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பி வண்டியைப் பார்க்கும். ரொக்கமாக வாங்கும் வீட்டில் அந்த ஒரு ஜோடிக் கண்ணும் இல்லை. ஊரிலிருந்து விடுமுறையில் வந்தவர், 30 நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்ற அவசரம், 'தெரிஞ்ச பாய்தான்' என்ற நம்பிக்கை.

எனவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும், விற்பவர் காட்டும் மெக்கானிக்கை வைத்து அல்ல, நம்முடைய ஆளை வைத்து. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி டயர் இருக்கும் குழியில் வண்டல் படிந்திருக்கும், சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு இருக்கும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம், விளக்கையே கழற்றியிருக்கலாம். விற்பவரின் பழைய பாலிசிகளையும் கேளுங்கள். க்ளெய்ம் இல்லாத வருடத்துக்குக் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். மழை வருடத்துக்கு அடுத்த பாலிசியில் அது பூஜ்யமாகியிருந்தால் காரணத்தை அவர் வாயாலேயே சொல்லட்டும். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்தச் சான்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வியாபாரியை மட்டும் குறை சொல்லிவிட்டும் போக முடியாது. மூழ்கிய கார் அவர் கைக்கு எங்கிருந்து போனது? நம் வாசலிலிருந்துதான். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்ட செய்தியை நாம் அறிவோம். காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, நிரப்பாத 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டு வண்டியைத் தள்ளிவிடுபவருக்கும் அதே கேள்விதான்.

சட்டமும் அவரை விடுவதில்லை. வண்டியை விற்றிருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவு உரிமையாளரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் லக்னோ காவல்துறை பிடித்த ஒரு கும்பல், 'டோட்டல் லாஸ்' கார்களின் ஆவணங்களை வாங்கி, அதே மாடல் காரைத் திருடி, சேசிஸ் எண்ணை மாற்றி விற்றிருந்தது. நாம் கொடுத்த ஆர்.சி. எந்தக் காருக்குப் போனது என்பதை எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பெயர் மாறிவிட்டதா என்று இன்றே பார்த்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. மாறவில்லை என்றால், விற்ற தேதிக்கான ஆதாரத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.